டேஷ்போர்டுக்கு பாலீஷ் அடித்தால் வெடிப்பு விழுமா?

வாகனக் கேள்வி – பதில்

கத்திரி முடிந்த கையோடு கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக், ரெக்சின் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை இன்ஜினுக்கு ஓய்வு.

கே: நாலு வருஷ கார். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குப் பளபளவென்று எதையோ அடித்துத் தருகிறார்கள். "இதை அடித்துக்கொண்டே இருந்தால் டேஷ்போர்டு காய்ந்து வெடித்துவிடும். ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாலும் வெடிக்கும்" என்கிறார் மெக்கானிக். நிஜமா? – வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: பாதி நிஜம். எந்தப் பாதி என்பது அவர்கள் அடிக்கும் டப்பாவைப் பொறுத்தது.

முதலில் வெடிப்பு ஏன் விழுகிறது என்று பார்ப்போம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சை ஹோஸ் வாங்கும்போது பாம்பு மாதிரி வளையும். இரண்டு கோடை வெயில் பட்டதும் குச்சியாக விறைத்து, மடித்த இடத்தில் கீறிக்கொள்ளும். அது பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள்தான், வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதற்குச் சாட்சி. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். அது பிவிசியோடு ரசாயனமாகப் பிணைவதில்லை, உள்ளே ஊறி இருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரிலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர் செய்த வேலை அது. கார் சீட் ரெக்சினும் சில கார்களின் மெத்தென்ற டேஷ்போர்டு மேல்தோலும் இதே ஜாதி. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. போனது திரும்புவதில்லை. ஸ்ப்ரே அதை ஈடுகட்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். ஸ்ப்ரேயின் முக்கியச் சரக்கான சிலிகான் என்ற எண்ணெய் உள்ளே ஊறி அந்த இடத்தை நிரப்பாது.

ஸ்ப்ரேக்களில் இரண்டு வகை. ஒன்று தண்ணீரில் கலக்கிய சிலிகான், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். இன்னொன்று தின்னர் மாதிரியான பெட்ரோலியக் கரைப்பானில் கலக்கிய சிலிகான், பெரும்பாலும் தெளிவாக, எண்ணெய்ப் பிசுக்காக, பெயின்ட் வாசனையோடு இருக்கும். சிலிகான் மந்தமான பொருள், பிவிசியோடு சண்டைக்குப் போகாது. வம்பு கரைப்பானில் இருக்கிறது. அது ரெக்சினுக்குள் புகுந்து, பிளாஸ்டிசைசரைக் கரைத்து மேலே கொண்டுவந்துவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். நீங்கள் துணியால் துடைக்கும்போது அந்தப் பிளாஸ்டிசைசரும் துணியோடு போகிறது. மாதம் ஒரு முறை வீதம் நாலு வருஷம் என்றால் கிட்டத்தட்ட ஐம்பது தடவை. மெக்கானிக் பார்த்த வெடிப்பு இந்த வகையில் வந்ததாக இருக்கலாம்.

"நிறுத்தினாலும் வெடிக்கும்" என்பது மட்டும் கண்ணின் ஏமாற்று. பழைய தோலில் ஏற்கெனவே மயிரிழைக் கீறல்கள் இருக்கும். சிலிகான் அவற்றை நிரப்பி மறைக்கிறது. நிறுத்தினால் கீறல் தெரிகிறது, புதிதாக வருவதில்லை. ஆர்மர் ஆல் போன்ற டேஷ்போர்டு பாலீஷ்கள் அமெரிக்காவில் பரவிய 1970களிலிருந்து அங்கேயும் இதே வாக்குவாதம்தான் நடக்கிறது.

வாட்டர் சர்வீஸில் அடிப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, ஒரு டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி கலந்தால் தண்ணீர் வகை. எண்ணெயாகப் பிரிந்து மிதந்தால் கரைப்பான் வகை. இன்னொரு சோதனையும் உண்டு: டிவி பெட்டியோடு வந்த தெர்மாகோலில் நாலு சொட்டு விடுங்கள். குழி விழுந்து உருகினால் அதை வண்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். உருகவில்லை என்பதால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது, சாதுவான கரைப்பான்கள் தெர்மாகோலை விட்டுவைக்கும். ஆகவே இரண்டு சோதனையும் செய்யுங்கள்.

அடித்தே ஆக வேண்டும் என்றால் முறை இது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கார் ஷாம்பு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்கவும். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி ஒரு முறை. காய்ந்த பிறகு ஸ்ப்ரேயை மைக்ரோபைபர் துணியில் இரண்டு மூன்று அழுத்து அழுத்தி, துணியால் தடவவும். நேராக டேஷ்போர்டில் பீய்ச்சினால் கண்ணாடியிலும் சுவிட்சுகளிலும் தெறிக்கும், சுவிட்ச் உள்ளே போகும் சிலிகான் மின் தொடர்பைக் கெடுக்கும். சின்ன காரின் முழு டேஷ்போர்டுக்கும் 5 முதல் 8 மில்லி போதும். பத்து நிமிஷம் விட்டு, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிசுக்கை அப்படியே விட்டால் அது தூசு பிடிக்கும் பொறி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் தாராளம்.

டப்பாவில் புறஊதாக் கதிர்த் தடுப்பு என்று போட்டிருக்குமே என்றால், முன்கண்ணாடியே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது அது. டேஷ்போர்டுக்கு எமன் சூடு. அதைத் தடுக்க வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய விரிக்கும் சன்ஷேடுக்கு எந்த டப்பாவும் இணையில்லை. வேப்ப மரத்தடி கிடைத்தால் இன்னும் நல்லது, காக்கை எச்சத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஸ்கூட்டரின் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவினால் புதிதாகிவிடுகிறது, ஒரு மழையில் போய்விடுகிறது. நிரந்தர வழி உண்டா? – வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: பெயின்ட் அடிக்காத அந்தக் கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் ஆங்கில எழுத்தில் பிபி என்று அச்சாகி இருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் அது வேறு பிளாஸ்டிக். பிபியில் பிளாஸ்டிசைசர் கிடையாது. ஆகவே "காய்ந்துவிட்டது, எண்ணெய் கேட்கிறது" என்ற பேச்சுக்கே இடமில்லை. வெயிலின் புறஊதாக் கதிர் மேல்தோலின் மூலக்கூறுகளை அறுத்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. கீறல்களில் ஒளி சிதறுவதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. எண்ணெய் கீறல்களை நிரப்பியதும் சிதறல் நின்று கறுப்பு திரும்பி வருகிறது. கருங்கல் தரையில் தண்ணீர் ஊற்றினால் கறுத்துத் தெரிவதும் இதே கணக்குதான். தேங்காய் எண்ணெய் கெடுதல் செய்யாது. ஆனால் வெயிலையும் தடுக்காது, நாளடைவில் சிக்கு வாடை வரும், கோரிமேட்டுச் செம்மண் தூசு முழுவதும் அதில் வந்து உட்காரும்.

மொட்டைமாடிக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மட்டும் எப்படி வருஷக்கணக்கில் தாங்குகிறது? அதில் கலந்திருக்கும் கார்பன் பிளாக் புறஊதாவை உறிஞ்சிவிடுகிறது. கறுப்பு பாலித்தீன் (எச்டிபிஇ) குடிநீர்க் குழாய்களில் அது 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும் என்றே தர விதி உண்டு. அந்தப் பாதுகாப்பு, பிளாஸ்டிக்கின் உடம்பு முழுக்கக் கலந்திருக்கிறது. மேலே சில மைக்ரான் கனத்தில் தடவும் ஸ்ப்ரேயிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நிரந்தரம் என்று எதுவும் இல்லை, நீடிப்பது உண்டு. டிரிம் கோட்டிங் என்று கேட்டு வாங்குங்கள். இது எண்ணெய் மாதிரி ஈரமாக இராமல் காய்ந்து இறுகும் வகை, மாதக்கணக்கில் நிற்கும். வெற்றி தோல்வி எல்லாம் தடவுவதற்கு முந்தைய சுத்தத்தில் இருக்கிறது. நீங்கள் எண்ணெய் தடவியிருப்பதால், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு டீஸ்பூனை அரை லிட்டர் வெந்நீரில் கலந்து, பழைய டூத் பிரஷால் புள்ளிப் புள்ளியான பரப்பின் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கலாம், மறுபடி தேய்க்க வேண்டும். தண்ணீர் படலமாகப் பரவினால் சரி. நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்துவிட்டு, ஸ்பாஞ்சில் கோட்டிங்கை 3, 4 மில்லி எடுத்து மெல்லிசாகத் தடவவும். அதிகம் தடவினால் வழிந்து கோடு விழும், இறுகிய பின் எடுப்பது பெரும்பாடு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது.

கால் வைக்கும் இடத்துக்கு மட்டும் எதையும் தடவாதீர்கள். மழையில் செருப்புக் கால் வழுக்கினால் வண்டியோடு சாய வேண்டியதுதான்.

ஹாட் ஏர் கன் காட்டிக் கறுப்பாக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சூட்டில் மேல்தோல் இளகிக் கீறல்கள் மூடிக்கொள்கின்றன, உண்மைதான். தேய்ந்துபோன வெயில் தடுப்பு திரும்ப வராததால் சில மாதத்தில் மறுபடி சாம்பல். ஒரே இடத்தில் சில வினாடி கூடுதலாகக் காட்டினால் பாகம் நெளிந்துவிடும்.

கே: தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரம் தினமும் பைக் நிற்கிறது. உப்புக்காற்று பிளாஸ்டிக்கையும் அரிக்குமா? சீட்டில் அடிக்கடி வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. – வாசகர், கடலூர்

ப: உப்பு பிளாஸ்டிக்கை அரிக்காது. பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவையும் கிளிப்பையும்தான் தின்னும். ஆனால் உப்பும் மணலும் படிந்த பரப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். காலையில் டீ குடித்துக்கொண்டே தட்டித் துடைக்கும் பழக்கம்தான் வைசரையும் மீட்டர் கண்ணாடியையும் மங்கலாக்குகிறது. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், துணி அப்புறம்.

வெள்ளையாகப் படிவது எல்லாம் ஒன்றல்ல. ஈரத் துணி பட்டதும் மறைந்து, பிறகும் வராமல் இருந்தால் உப்பு. ஈரத் துணிக்கு மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் மங்கலாகத் திரும்பினால் வெயிலில் செத்த மேல்தோல். விரலில் பிசுபிசுப்பாக ஒட்டினால் உள்ளிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வட்ட வட்டமாகப் படிந்து பழைய கோணி வாடை அடித்தால் பூஞ்சை.

பூஞ்சைக்கு மளிகைக் கடை வினிகரும் தண்ணீரும் சம பங்கு. தடவிப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், தையல் நூல் இற்றுப்போகும். பூஞ்சை மேலேயே பாலீஷ் அடிப்பதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது. ஈரத்தையும் பூஞ்சையையும் சேர்த்து மூடி வைத்த மாதிரி ஆகிவிடும்.

கே: ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சீட் ரெக்சினுக்கு டயர் பாலீஷ் அடித்தால் புதுசு மாதிரி இருக்கிறது. தொடரலாமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

ப: வேண்டாம் அண்ணே. பிரேக் போட்டால் பயணி சறுக்கி முன்னால் வருவார், வெள்ளை வேட்டி கட்டியவர் ஏறினால் சண்டை வரும். டயர் பாலீஷ்களில் பல, கரைப்பான் வகை என்பது இன்னொரு காரணம். உங்கள் ஸ்டாண்டிலேயே சிலர் வண்டியை நிறுத்தியதும் சீட் மேல் துண்டை விரித்துப்போடுவார்களே, அதுதான் சரியான புறஊதாத் தடுப்பு. ரெக்சின் முதலில் வெடிப்பது தையல் ஓரத்திலும் மடிப்பிலும். அங்கே ஊசித் துளை அளவு வெடிப்பு தெரிந்ததுமே தைக்கக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போய் ஸ்பாஞ்சு ஊறிவிட்டால் ரெக்சினோடு ஸ்பாஞ்சுக்கும் சேர்த்துச் செலவு.

டயரின் பக்கச் சுவருக்கு அடிப்பதென்றால் தண்ணீர் வகையை அளவாகத் தடவி, துடைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வண்டியை எடுங்கள். தரையில் படும் பகுதியிலும் பிரேக் பக்கமும் ஒரு சொட்டும் படக் கூடாது. பக்கச் சுவர் பழுப்பாவதைப் பார்த்துப் பயந்து பாலீஷ் வாங்குபவர்கள் உண்டு. ஓசோனிலிருந்து காக்க ரப்பருக்குள் கலந்த பொருள் மேலே வருவதால் உண்டாகும் நிறம் அது. டயர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

கே: இரவில் ஈசிஆரில் காலாப்பட்டிலிருந்து வரும்போது எதிர் வண்டி வெளிச்சத்தில் முன்கண்ணாடி முழுக்கப் புகை மண்டிய மாதிரி தெரிகிறது. வைப்பர் பிளேடு மாற்றியும் போகவில்லை. – வாசகர், புதுச்சேரி

ப: கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். டேஷ்போர்டிலிருந்து ஆவியான பிளாஸ்டிசைசரும் பாலீஷ் பிசுக்கும் அங்கேதான் படிகின்றன. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இரண்டு மைக்ரோபைபர் துணியும் வேண்டும். முதல் துணி கரைக்க, இரண்டாவது எடுக்க. ஒரே துணி என்றால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. உள்ளே இட வலமாகவும், வெளியே மேல் கீழாகவும் துடையுங்கள், கோடு மிஞ்சினால் அது எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். டேஷ்போர்டின் மேல்பரப்புக்கு மினுமினுப்பு தராத, மேட் என்று போட்ட வகையை மட்டுமே வாங்குங்கள். பளபளக்கும் டேஷ்போர்டு பகலில் கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையை மறைக்கும்.

கே: கார் கதவின் பவர் விண்டோ சுவிட்ச் பகுதி பிசின் மாதிரி ஒட்டுகிறது. பாலீஷ் அடித்தும் நிற்கவில்லை. – வாசகர், அரியாங்குப்பம்

ப: நிற்காது. ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு அது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சிதைந்து இளகுகிறது. சிகிச்சை இல்லை, எடுத்துவிட வேண்டியதுதான். துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, சுவிட்சுக்குள் இறங்காமல் பொறுமையாகத் தேய்த்தால் கறுப்புக் கூழாக வந்துவிடும். அடியில் வழவழப்பான சாதா பிளாஸ்டிக் இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் எடுக்காதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் அடியில் இருக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து கரையும்.

கே: சிலிகான் ஸ்ப்ரேயால் உருப்படியான பயனே இல்லையா? – வாசகர், வில்லியனூர்

ப: இருக்கிறது. கதவு ஓரத்து ரப்பர் பட்டை, அதாவது பீடிங். அந்த ரப்பருக்கு கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் விஷம், உப்பி நெகிழ்ந்துவிடும். கரைப்பான் இல்லாத சிலிகானைத் துணியில் தொட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தடவினால் கதவு ஒட்டாது, கீச்சிடாது, மழைத் தண்ணீரும் கசியாது. கண்ணாடி ஏறி இறங்கும் சேனலுக்கும் இதையே தடவலாம். "டீசல் ஸ்ப்ரே அடித்துத் தருகிறோம்" என்று சொல்லும் வாட்டர் சர்வீஸிடம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சில பம்பர்களில் பெயின்ட் அடித்ததும் அங்கங்கே வட்டக் குழியாக விலகிக்கொள்கிறது. – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ப: இந்தக் குழிக்கு பிஷ் ஐ (மீன் கண்) என்று பெயர். வாடிக்கையாளர் அடித்த பாலீஷின் சிலிகான் மிச்சம் அது. உப்புத்தாள் தேய்த்த பிறகு துடைத்தால் பயனில்லை, தேய்க்கும்போதே சிலிகான் கீறலுக்குள் இறங்கிவிடும். ஷாம்பு கழுவல், பிறகு வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர், அதன் பிறகே வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), கடைசியில் மறுபடி ரிமூவர். ரிமூவரில் நனைத்த துணியால் தடவி, அது காயும் முன்பே உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். பட்டறைக்குள் எவரும் டேஷ்போர்டு ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. காற்றில் மிதக்கும் துளியே போதும், அடுத்த வண்டி பாழாகும்.

கே: மஞ்சளான ஹெட்லைட்டில் கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்தால் பளிச்சென்று ஆகிறதே? – வாசகர், பண்ருட்டி

ப: அதில் டீட் என்ற பொருள் இருந்தால் அது ஹெட்லைட் லென்ஸின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டின் மேல்தோலை உருக்குகிறது. உருகியது தற்காலிகமாக மினுங்கும். நனைத்த வாட்டர் பேப்பரை 800, 1500, 2000, 3000 என்ற நம்பர் வரிசையில் தேய்த்து, கம்பவுண்டு என்ற மெருகுப் பசை போட்டு, மேலே புறஊதா தாங்கும் கிளியர் கோட் அடிப்பதே வழி. டூத் பேஸ்ட் தேய்ப்பதோடு நிறுத்தினால் கோட்டிங் இல்லாத லென்ஸ் சில மாதத்தில் மீண்டும் மஞ்சளாகும்.

கே: ஹெல்மெட்டுக்கு எதைத் தடவலாம்? – வாசகி, லாஸ்பேட்டை

ப: சோப்புத் தண்ணீர் மட்டும். பெட்ரோல், தின்னர், கரைப்பான் ஸ்ப்ரே எதுவும் ஏபிஎஸ் மேலோட்டையும் பாலிகார்பனேட் வைசரையும் உள்ளுக்குள் பலவீனமாக்கும். டபிள்யூடி–40 நிறுவனமே பாலிகார்பனேட்டில் தங்கள் பொருள் வேண்டாம் என்று சொல்கிறது.

கே: ஸ்ப்ரே டப்பாவை காரிலேயே வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், கடலூர் முதுநகர்

ப: கையால் அழுத்தும் பம்ப் பாட்டில் என்றால் வைக்கலாம். அழுத்த வாயு அடைத்த தகர டப்பா என்றால் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடுபடுத்தாதே என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள், பலவற்றில் உந்துவாயுவே எல்பிஜிதான். மே மாத மத்தியானத்தில் மூடிய காருக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம்.